வெங்காயத் துரையின் குளிர்காலம்

சார்வரி வருஷம், ஐப்பசி 9

மழை பிடித்துக்கொண்டது. கிடங்கின் கிழக்கு மூலை ஒழுகுகிறது. துணிக்கட்டுகளை மேற்கே மாற்ற ஆள் வரவில்லை, நானே தூக்கினேன். பூவிருந்தவல்லியிலிருந்து நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தச் சிப்பிப்பட்டினத்துக்கு நடந்து வந்தவனுக்கு இது ஒரு பாரமா? இல்லை என்றுதான் நினைத்தேன். இடுப்பு வேறு மாதிரி சொல்கிறது.

இன்று முதல் குறித்து வைக்கப் போகிறேன். பக்தியாலும் இல்லை, பெருமைக்காகவும் இல்லை. சனிக்கிழமைதோறும் கோட்டைக்குப் போய், தோப்பில் இருக்கும் துரையைப் பற்றிப் பெரிய துரையிடம் சேதி சொல்லி வருகிறேன். நாலு வருஷமாகிறது. எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று இப்போதெல்லாம் குழம்புகிறது. போன வாரம் மாட்டிக்கொள்ள இருந்தேன். சொன்னதைவிடச் சொல்லாததைத்தான் ஞாபகம் வைக்க வேண்டியிருக்கிறது.

கோட்டை இங்கிலீஷ்காரர்களுடையது. நான் அவர்களுக்குத் துணி கொடுக்கிறவன். ஒப்பந்தம் வருஷா வருஷம் தையில் புதுப்பிப்பார்கள். ஆற்றுக்கு வடக்கே என் தோப்புவீட்டில் குடியிருக்கும் அம்புரோசு துரையும் இங்கிலீஷ்காரர்தான், ஆனால் வேறு கட்சி. பதினோரு வருஷத்துக்கு முன் அவர்கள் தேசத்தில் குடிகளே ராஜாவைப் பிடித்துத் தலையை வெட்டிவிட்டார்கள். இவர் அந்த ராஜா பக்கம். அந்தத் தேசத்துச் சபையில் உட்கார்ந்து பேசினவர். நிலம், வீடு, பெரிய பூந்தோட்டம் எல்லாம் பறிபோய், ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்து இறங்கினார். கோட்டையில் இருப்பவர்கள் வெட்டின கட்சி. இவரைத் துரத்தக் காரணம் கிடைக்கவில்லை, சும்மா விடவும் மனசில்லை. ஆகவே நான்.

யார் வந்தார், என்ன கடிதம் வந்தது, என்ன பேசினார். இவ்வளவுதான் வேலை. வீட்டுக்காரன் குடியிருப்பவரைக் கவனித்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஐப்பசி 10

தோப்புக்குப் போனேன். துரை கூடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தார், தமிழில். அவருடைய தமிழ் முழுவதும் தண்ணீர் இறைக்கிற காத்தாயி போட்ட பிச்சை. ராஜசபையில் பேசின வாய் இப்போது நாற்றங்கால் சேற்றில் நிற்கிறவள் மாதிரி பேசுகிறது. 'நீங்கள்' என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. காத்தாயிக்கு அது தேவைப்பட்டதில்லை.

"என்னா மாசிலாமணி, கஞ்சி குடிச்சியா?"

"ஆச்சு துரை."

"நான் குடிக்கல. வயிறு வேணாங்குது."

எதிரே ஒரு மரப்பெட்டி. வைக்கோலுக்குள் ஏழு கிழங்கு. துலிப்பு என்று பெயர். பார்த்தால் வெங்காயம்தான். ஊரில் இவரை வெங்காயத் துரை என்பது இதனால். வந்தபோது நூற்றுக்கு மேல் வைத்திருந்தார். பழவேற்காட்டில் இருக்கும் உலாந்தா தேசத்து வியாபாரி ஒருவர் மூலம் இன்னும் வரவழைத்தார். வருஷா வருஷம் நடுவார். இலை விடும், மஞ்சளாகும், அழுகும். ஒரு பூகூட நான் பார்த்ததில்லை.

"இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா அவ்ளோதான்."

"இந்த ஊருக்கு ஒத்துவராத சரக்கு துரை. விட்டுடுங்க. மல்லிகை இருக்கு, அரளி இருக்கு."

"மண்ணு நல்ல மண்ணு. குளிருதான் இல்ல. ரெண்டு மூணு மாசம் அது மண்ணுக்குள்ள கெடந்து நடுங்கணும். நடுங்கினாத்தான் பூக்கும்."

குடத்தோடு வந்த காத்தாயி, "நான்கூடத்தான் மழையில நடுங்கறேன். காச்சல் வருது, பூவா வருது?" என்றாள்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். தம் தோட்டத்தில் தாமே உண்டாக்கின ஜாதியாம், வர்ணத்தில் எழுதிய படம். வெள்ளை இதழில் கருஞ்சிவப்பு அடியிலிருந்து நெருப்பு மாதிரி ஏறியிருக்கிறது. உள்ளதைச் சொன்னால் சாயம் கசிந்த துணிபோல இருந்தது. இப்படி ஓர் உருப்படி என்னிடம் வந்தால் இரண்டாந்தரம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். சொல்லவும் சொன்னேன். சிரித்தார். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

ஐப்பசி 12, சனி

கோட்டை. "கடுதாசி இல்ல. ஆள் வரல. வெங்காயத்தைப் பாத்து ஏங்கறார்" என்றேன். மொழிபெயர்க்கிற துபாஷி தேவராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய துரை சிரிக்கவில்லை. படம் காட்டியதைச் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது.

ஐப்பசி 16

மழை. தெருமுனை வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். வேலை ஒன்றும் இல்லை.

ஐப்பசி 17

"அந்தப் படத்துப் பூ உங்க தேசத்துல இன்னும் இருக்குமா துரை?"

"இருக்கும். என் தோட்டத்தைப் பிடுங்கினான் பாரு, அந்தக் கட்சித் தளபதி. அவங்கிட்ட இருக்கும். நான்தான் கொடுத்தேன்."

"பிடுங்கினவனுக்கா!"

"இருக்கறதுலயே பெரிய கெழங்கா பொறுக்கி, பெட்டியில வெச்சு, எப்ப நடணும் எப்ப எடுக்கணும்னு எழுதியும் அனுப்பிச்சேன்."

"சிநேகிதர் ஒருத்தர்கூட இல்லையா?"

"இருந்தானுங்க. சிநேகிதன் வாங்கிக்குவான், ஆகா ஓகோன்னுவான், மறந்துடுவான். எதிரி அப்படி இல்ல. உங்கிட்டேருந்து வந்த சாமான் மேல வெச்ச கண்ணை எடுக்கவே மாட்டான்."

இது என்ன கணக்கோ. வீட்டுக்கு வந்து என் சம்சாரம் தையல்நாயகியிடம் சொன்னேன். "அந்த மனுஷனுக்காவது விவரம் இருக்கே" என்றாள். வேறு யாருக்கு இல்லை என்று சொல்லவில்லை.

ஐப்பசி 20

கிடங்கில் இருக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் கோல்கொண்டாவில் ஒரு பிரபு வீட்டு வாசலில் துணி காட்டக் காத்திருந்தேன். வேலைக்காரர்கள் ஓர் அண்டாத் தண்ணீரில் வெடியுப்பைக் கொட்டிக் கலக்கி, அதற்குள் நீள்கழுத்துக் கூஜாவை வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கூஜாவிலிருந்து எனக்கும் ஒரு வாய் ஊற்றினார்கள். பல் கூசிவிட்டது. சித்திரை வெயிலில்.

வைத்தியர் வீட்டிலிருந்து இரண்டு படி வெடியுப்பு வாங்கி வந்து கொல்லையில் கலக்கினேன்.

"துணி யாவாரம் போதாதுன்னு பீரங்கி யாவாரமா?" என்றாள் தையல்நாயகி.

"கையை விடு."

விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஐயய்யோ, பாம்பைத் தொட்ட மாதிரி இருக்கு!"

ஐப்பசி 21

துரையிடம் சொன்னேன். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. மேல்துணி முழுக்கச் சேறு.

ஐப்பசி 25

வடக்கேயிருந்து வந்த மாட்டுவண்டிக்காரரிடம் எட்டு மூட்டை வெடியுப்பு பிடித்தேன். இந்தப் பட்டினத்தில் வெடியுப்பு கோட்டையின் தனிச் சரக்கு. வைத்தியனுக்கும் தட்டானுக்கும் படிக்கணக்கில் விடுவார்கள். மூட்டைக்கணக்கில் வேறு எவனும் வாங்கக் கூடாது. எனக்குத் தெரியும். நூல் கட்டுகளுக்கு அடியில் வைத்து ஏழைத் தோப்பில் இறக்கினேன், ஒன்றைக் கிடங்கில் வைத்தேன்.

ஏன் செய்தேன் என்றால், இது பலித்தால் கோடையில் குளிர்ந்த தண்ணீர் விற்கலாம். கோட்டைக்காரர்களே வரிசையில் நிற்பார்கள். வியாபார யோசனைதான், வேறொன்றும் இல்லை.

ஐப்பசி 26, சனி

கோட்டையில், தென்னை வைக்கக் குழி வெட்டுகிறார் என்று சொன்னேன்.

கார்த்திகை 2

ஏற்பாடு இது. கிணற்றடி நிழலில் ஆள் உயரக் குழி, சுற்றிலும் வைக்கோல். ஏழு சின்னத் தொட்டியில் ஏழு கிழங்கு. ஒவ்வொரு தொட்டியையும் ஒரு பெரிய பானைக்குள் இறக்கி, இடையில் தண்ணீர் ஊற்றி, அதில் உப்பைக் கரைக்க வேண்டும். உப்பு கிழங்கில் படக் கூடாது. காலையும் மாலையும் தண்ணீரை மாற்ற வேண்டும். வெயில் இருந்தால் பழைய தண்ணீரைக் காயவைத்து உப்பை மீட்கலாம். மழையாயிற்றே, ஆகவே கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகிறோம். விறகு நனைந்துவிட்டது. இரண்டு வண்டிக் கரி வாங்கிப் போட்டேன்.

துரை சட்டையைக் கழற்றிவிட்டுக் கொப்பரையைக் கிண்டுகிறார். "நல்லா கிண்டு தொரை, அடி புடிக்குது" என்று அதட்டுகிறாள் காத்தாயி.

கார்த்திகை 6

குழியில் எறும்பு. வைத்தியரிடம் ஒரு பை கந்தகம் வாங்கிக் கொடுத்தேன். காத்தாயி புகை போட்டாள். எறும்பு போயிற்று. நாங்களும் அரை நாள் கிட்டே போக முடியவில்லை.

கார்த்திகை 14

தீபத் திருநாள். விளக்கேற்றும்போது வீட்டில் இல்லை என்று தையல்நாயகி பேசவில்லை. சாயங்காலத் தண்ணீரை யார் மாற்றுவது? காத்தாயிக்கும் வீட்டில் விளக்கு உண்டே.

கார்த்திகை 27

ஒன்றும் முளைக்கவில்லை. துரை குழிக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். நானும் நடக்கிறேன். எதிரும் புதிருமாக நடந்து இன்று முட்டிக்கொண்டோம்.

"சபையில எட்டு வருஷம் பேசினேன் மாசிலாமணி. ஒரு மொளை வரல. அதுக்கு இது எவ்ளோ தேவலை."

மார்கழி 4

முளை! ஏழில் ஐந்து. கிளி மூக்கு மாதிரி.

மார்கழி 5

நெசவாளர் ஊருக்குப் போக வேண்டியவன், போகவில்லை. தோப்பில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன். "உங்க அண்ணன் ஆறு மாசமா படுத்துக் கெடக்கார், ஒரு தடவை போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் தையல்நாயகி. நியாயம்தான்.

மார்கழி 11

கோயில் வாசலில் திருவேங்கடம் பிடித்துக்கொண்டான். அவனும் துணி வியாபாரி. என் ஒப்பந்தத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண்.

"உம்ம தோப்புல என்ன ஓய் காச்சறீர்? புகையா வருது. சாராயமா?"

"வெல்லம்."

"தோப்புல கரும்பையே காணமே?"

வாயில் சுண்டலை வைத்துக்கொண்டு சிரித்தான். வெல்லம் என்று ஏன் சொன்னேன்? தையல்நாயகி சொல்வதுபோல, எனக்குத் துணியைத் தவிர எதிலும் பொய் சொல்ல வரவில்லை.

மார்கழி 17

காலையில் கோட்டைச் சிப்பாய்கள் தோப்புக்குள் நுழைந்து துரையைப் பிடித்துப் போய்விட்டார்கள். நான் போனபோது குழியை வெட்டிக் கிளறிவிட்டிருந்தார்கள். பானைகள் உடைந்து கிடந்தன. முளைகள் பூட்ஸ் காலில் நசுங்கிக் கூழாகிவிட்டன. உப்பு மூட்டை, கரி, கந்தகப் பை மூன்றையும் வரிசையாக வைத்து ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம். வெடிமருந்துக்கு வேறு என்ன வேண்டும்? மூன்றையும் நானே வாங்கி, நானே கொண்டுவந்து போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு வயசாகிறது. ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

மார்கழி 18

பெரிய துரை கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு காகிதம். தேவராயன் படித்துச் சொன்னான். அம்புரோசு துரை கோட்டையைத் தகர்த்து ராஜா கட்சிக்குப் பிடித்துக்கொடுக்க வெடிமருந்து செய்தார், அதை வீட்டுக்காரனான நான் கண்ணால் பார்த்தேன், என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அவர் என்ன சொல்றார்?" என்று தேவராயனைக் கேட்டேன்.

"பூவுக்குக் குளிர் உண்டாக்கினாராம். இங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உப்பு யார் வாங்கினதுன்னு கேட்டா, நான்தான் வாங்கினேன்கறார். நேத்துலேருந்து வேற ஒரு பேர் அவர் வாயிலேருந்து வரல." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தை ஐந்தாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். அன்றைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒப்பந்தம் எனக்கு. இல்லையென்றால் திருவேங்கடத்துக்கு. பத்தாம் தேதி கப்பல். விலங்கு போட்டு ஏற்றுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் ராஜாவுக்கு நடந்ததுதான் அவருக்கும்.

போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்கழி 19

காத்தாயி சாணிக் கூடையோடு கொல்லைப்பக்கம் வந்தாள். "வெளிய சாணி, உள்ள பாரு" என்றாள். சாணிக்கு அடியில் ஒரு தொட்டி, முளை உடையாமல். சிப்பாய்கள் எதிரிலேயே சுமந்துகொண்டு போயிருக்கிறாள். "நாத்தத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுங்க."

கிடங்கில் ஒரு மூட்டை உப்பு பிரிக்காமல் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பானை வைத்தேன்.

மார்கழி 23

எனக்கு முப்பது தறிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் போனால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். இருபது வருஷ உழைப்பு. அந்த மனுஷர் எனக்கு யார்? குடியிருக்கிறவர். இதைத் தையல்நாயகியிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"சரிதான். அப்ப கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

கோபம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை மாற்றினேன்.

மார்கழி 27

இலைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு மொட்டு. ஒரு சாண் உயரம்கூட இல்லை. கால் இருப்புக்கொள்ளவில்லை.

தை 1

பொங்கல். பால் பொங்கிற்றாம். நான் கிணற்றடியில் இருந்தேன்.

தை 3

மொட்டின் விளிம்பில் சிவப்பு. தையல்நாயகி என்னை முந்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

தை 4

திருவேங்கடம் புதுத் தலைப்பாகை வாங்கியிருக்கிறான் என்று கேள்வி.

தை 5

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு கையில் பித்தளை அண்டா, தோளில் உப்பு மூட்டை, பின்னால் தலையில் மூடிய கூடையோடு காத்தாயி. கோட்டை வாசலில் சிப்பாய்கள் சிரித்தார்கள். நூல் மூட்டையோடு முதல்தடவை வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள், அப்போது வேறு சிப்பாய்கள்.

பெரிய துரை காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துக்கு முன்னால துரையவர்கள் ஒரு காரியம் பண்ணணும். அவரையும் இங்க கூட்டிவரணும்" என்றேன்.

அழைத்து வந்தார்கள். பதினெட்டு நாளில் பாதியாக இளைத்திருந்தார். காலில் விலங்கு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அண்டாவில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். உப்பைக் கொட்டிக் கலக்கினேன். "கையை விடுங்க."

பெரிய துரை தயங்கினார். பிறகு மணிக்கட்டு வரை விட்டார். எடுக்கவில்லை. மறு கையையும் விட்டார். அண்டாவின் வெளிப்புறம் வேர்த்து வழிந்தது.

"உப்பு அவர் வாங்கல, நான் வாங்கினேன். கரியும் கந்தகமும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். கரி உப்பை மீட்க, கந்தகம் எறும்புக்கு. தென்னங்குழின்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

தேவராயன் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தான். "சொல்லு ஓய்" என்றேன். சொன்னான்.

"ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறார்."

"ஒப்பந்தம் போயிடுமேன்னு."

"இப்போது?"

"இப்பவும் போகும். தெரியும்."

காத்தாயி கூடையைத் திறந்து தொட்டியை மேஜைமேல் வைத்தாள். கிணற்றடிக் குளிரில் இருந்தது, மொட்டு இறுக்கமாக மூடித்தான் இருந்தது. அந்த அறையோ அடுப்பு மாதிரி. பெரிய துரை தேவராயனிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்புரோசு துரை மட்டும் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். மொட்டு நெகிழ்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பிப் பார்க்கும்போதும் கொஞ்சம் அதிகமாக. பேச்சு நின்றுவிட்டது. வெள்ளை இதழ்கள் விரிந்தன. அடியிலிருந்து கருஞ்சிவப்பு ஏறிக் கசிந்து விளிம்பில் நூலாகப் பிரிந்திருந்தது. ஓர் இதழ்போல இன்னொன்று இல்லை.

திருப்பி அனுப்ப மாட்டேன். அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பெரிய துரை தண்ணீர் சொட்டும் கையோடு நின்றார். மெல்ல அவர்கள் தேசத்து ஏதோ ஓர் ஊர்ப் பெயர்போலச் சொன்னார். தேவராயன் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்புரோசு துரை அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை பதில் சொன்னார். ஒருவர் தலையை ஒருவர் வெட்டக் காத்திருந்த இரண்டு பேரும் ஒரு தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

தீர்ப்பு: விலங்கை எடுத்துவிட்டார்கள். அவர் தோப்புக்குத் திரும்பலாம். தடையை மீறி உப்பு வாங்கியதற்காகவும் பொய்ச் சேதி சொன்னதற்காகவும் என் ஒப்பந்தம் ரத்து. இனிச் சனிக்கிழமை வரவேண்டாம்.

வெளியே வந்தபோது காத்தாயி, "தொரை, கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டாள். அவர் அழுதுவிட்டார்.

தை 6

திருவேங்கடத்தின் தலைப்பாகை ஊதா நிறம். சாயம் நிற்காது.

தை 19

பன்னிரண்டு தறிக்காரர்கள் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது. மீதிப் பேருக்கு வேலை தேடிப் பழவேற்காடு போய் வந்தேன். அண்ணனையும் பார்த்துவிட்டு வந்தேன்.

மாசி 12

சூரத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. வெட்டுண்ட ராஜாவின் மகன் போன வைகாசியிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டானாம். இத்தனை மாதம் இங்கே தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மத்தியானம் கோட்டையில் பீரங்கி போட்டார்கள். சாயங்காலம் தோப்புக்குப் பல்லக்கு வந்தது. பெரிய துரையே கூட நடந்து வந்தார்.

துரை பல்லக்கில் ஏறவில்லை. "கால் இருக்குதே" என்றார்.

மாசி 15

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? "உங்க வார்த்தை இப்ப அங்க செல்லும். என் ஒப்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை."

"இவ்ளோ நாள் ஏன் கேக்கல?"

"இவ்ளோ நாள் உங்க வார்த்தை செல்லாது."

விழுந்து விழுந்து சிரித்தார். போய்ச் சொல்லவும் சொன்னார். பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதி திருவேங்கடத்திடமே இருக்கிறது.

பங்குனி 8

இலை காய்ந்துவிட்டது. துரை கிழங்கைத் தோண்டி எடுத்தார். பழையது கரைந்து போய், அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் பக்கத்தில் பட்டாணி மாதிரி இரண்டும் இருந்தன. நாளை மறுநாள் கப்பல், துரை ஊர் திரும்புகிறார்.

பங்குனி 10

கரையில் அலை அதிகம். படகில் ஏறுமுன் என்னைத் தனியாக அழைத்தார். மடியிலிருந்து வைக்கோல் சுற்றிய பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பெரிய கிழங்கு.

"சின்னது ரெண்டும் எனக்குப் போதும். இது உனுக்கு. எப்ப நடணும் எப்ப எடுக்கணும்னு காத்தாயிக்குத் தெரியும்."

"எனக்கு எதுக்கு துரை? ஊருக்குக் கொண்டுபோங்க. சிநேகிதர்கள் காத்திருப்பாங்க."

"நாலு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை நீ எங்க போனேன்னு எனக்குத் தெரியும் மாசிலாமணி."

அலைச் சத்தம். பொட்டலத்து வைக்கோலைச் சரிசெய்தேன்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டேன் கடைசியில்.

"மொத வாரத்துலேருந்து. காத்தாயி சொல்லிட்டா." என் விரல்களைக் கிழங்கின்மேல் மடக்கிவிட்டார். "நான் என்னிக்குத் தும்மினேன்னுகூட உனுக்குத் தெரியும். வெச்ச கண்ணை எடுக்காம பாத்தவன் நீ ஒருத்தன்தான். அதான்."

படகு ஏறி இறங்கி ஏறிக் கப்பலைத் தொடும்வரை நின்றேன். காத்தாயி பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கையில் கிழங்கு இருந்தது.

பிலவ வருஷம், ஐப்பசி 11

மழை பிடித்துக்கொண்டது. வெடியுப்பு வாங்கக் கோட்டையில் அனுமதி கேட்டேன். எதற்கு என்று எழுத வேண்டுமாம். வெங்காயத்துக்கு என்று எழுதச் சொன்னேன். தேவராயன் சிரிக்காமல் எழுதினான்.

காத்தாயி குழி வெட்டத் தொடங்கிவிட்டாள். கந்தகம் வாங்கவில்லை. எறும்பை நானே பொறுக்குகிறேன்.